அரை டாங்க்

டின் ரூஃப் செத்துப் பதினான்கு மாதம் கழித்து
அவனுடைய புது ஆல்பம் வந்தது.
ஷ்ரீவ்போர்ட்டில் அன்று நூற்றிரண்டு டிகிரி.
நான் கார் கழுவுகிற இடத்தில்
வரிசையில் நின்ற ஒன்பது வண்டிகளில் ஆறு
ஒரே பாட்டை வேறு வேறு இடத்திலிருந்து பாடின.
நுரைக்குள்ளிருந்து அவன் குரல்.
மூன்றாம் நம்பர் குழாய் அவன் பிடித்த குழாய்.
அப்போது அவன் பெயர் டெவ்ரான் ஹிக்பீ,
மணிக்கு எட்டு டாலர்.

அவன் வைத்திருந்த தலைப்பு 'அரை டாங்க்'.
முழுசாக நிரப்ப எவனிடம் காசு என்பான்,
பாதியில் போகிற தூரம்தான் நம் உலகம் என்பான்.
கம்பெனிக்காரர்கள் அட்டையில் 'நித்தியம்' என்று போட்டு
முதுகில் ஒரு ஜோடிச் சிறகும் மாட்டியிருந்தார்கள்.
புறாவைக் கண்டால் தண்ணீரைப் பீய்ச்சுகிறவனுக்கு.

நான்காம் பாட்டில் யங் டீக்கன் வருகிறான்,
"என் சகோதரா" என்று தொடங்குகிறான்.
அவன் நுழைந்தால்
அறையை விட்டு எழுந்து போகிறவன் இவன்.
செத்தவனால் எழுந்து போக முடியாது.

செத்தும் கொடுத்தான் என்றது பாதி ஊர்.
கொடுக்கவில்லை, எடுத்தார்கள் என்றது மீதி.

"பிணத்தின் பையில் கையை விடுகிறார்கள்"
லாரி ஓட்டும் மார்விஸ் துப்பினான்.
துப்பிவிட்டு ஒலியைக் கூட்டினான்.
எட்டாம் பாட்டில் ஒரே வரி நாலு தடவை வருகிறது,
ஒரு பிடி சோற்றை நாலு தட்டில் பரிமாறியது மாதிரி.
இரவு ஷிப்ட் நர்ஸ் ஒனீடாவுக்கு அதெல்லாம் தெரியாது.
"யார் ஒட்டினால் எனக்கென்ன,
ஒரு படுக்கை காலியான விடியற்காலையில்
ஏழாம் பாட்டுதான் என்னை வீட்டுக்கு ஓட்டிப்போகிறது"
என்றாள். இரண்டு டாலர் டிப்ஸ் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா ஷவாண்டா வந்தாள்.
கழுவ விடவில்லை.
எஞ்சினை நிறுத்தி, பாட்டை மட்டும் ஓடவிட்டு,
"என்ன குறைகிறது சொல்" என்றாள்.

மூச்சு.

வரிக்கு நடுவில் அவன் இழுப்பான்,
கதவிடுக்கில் காற்று நுழைகிற சத்தம்.
அந்த இடத்தில் தாளம் ஒரு படி தவறி
மறுபடி கால் ஊன்றும்.
எங்களுக்கு அது ஸ்டைல். அவனுக்கு ஆஸ்துமா.
பெட்ரோல் பங்க் கழிப்பறையில்
காலி இன்ஹேலரோடு அவனை எடுத்ததும் அதனால்தான்.
கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தார்கள்,
கண்ணாடியில் ஈரக் கோடு தெரியாமல் துடைப்பதுபோல.

"என் தம்பியைக் குணப்படுத்திவிட்டார்கள்" என்றாள்,
"பதினான்கு மாதம் தாமதமாக."

கையெழுத்துப் போட்டது அம்மா, மிஸ் ஆர்னெட்டா.
மகளோடு அவளுக்குப் பேச்சில்லை.
செவ்வாய்க்கிழமை பழைய பியூக்கில் வந்தாள்.
கேட்காமலே சொன்னாள்:
"மூணு வயசிலிருந்து அவன் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்தவள் நான்.
எண்ணிக்கை நின்றால் எழுந்து உட்காருவேன்.
இப்போதுதான் ஒரு பாட்டு முழுக்க
என் பிள்ளைக்கு இழுக்கவில்லை.
அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டாம்."

நான் சக்கரத்தைத் தேய்த்தேன்.
சுத்தமாயிருந்த சக்கரத்தை.

இரண்டாம் பாகம் வருகிறதாம்.
இஸ்திரி மடிப்புக் கலையாத ஒருவர் வந்து
அவன் குரல் யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்தார்,
ஃபோனில் விட்ட செய்தி, சிரிப்பு, எதுவானாலும்,
விநாடிக்கு இத்தனை என்று.
என் வண்டியின் பின் டயர் இரண்டும் வழுக்கை.
இல்லை என்றேன்.

ராத்திரி அதை எடுத்துக் கேட்டேன்.
பின்னணியில் தண்ணீர் ஓடுகிறது.
"இருபது" என்கிறான்.
இழுக்கிறது, நீளமாக.
"டாலர் இருக்கா?" என்கிறான்,
"வெள்ளிக்கிழமை தந்துடறேன்."